கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: வாயுக் கணக்குக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் (அழுத்தம் × கனஅளவு = மோல் × வாயு மாறிலி ஆர் × கெல்வின் வெப்பநிலை) மாணவர்கள் வழுக்குவது இரண்டு இடத்தில்: இடம் மாற்றி எழுதுவது, அலகு. முதலாவதை இந்தக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது நம் தலையில்தான்.

வாயு மாறிலி உள்ளேயே இருக்கிறது. ஷிப்ட், 7, பிறகு 27 அழுத்தினால் ஆர் வந்துவிடும், மதிப்பு 8.314472. இன்றைய மதிப்பு 8.314463, பள்ளி, கல்லூரிக் கணக்குக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இதோடு வளிமண்டல அலகில் அழுத்தம் கொடுத்தால்தான் வம்பு, லிட்டர் விடை 101 மடங்கு பெருத்துவிடும். அழுத்தம் கிலோபாஸ்கல், கனஅளவு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆர் அப்படியே பொருந்தும். கனமீட்டருக்கு மாற்றும் வேலையே இல்லை.

சமன்பாட்டில் தெரியாத மதிப்பைத் தானே கண்டுபிடிக்கும் சால்வ் வசதிதான் இதன் பலம். ஏ அழுத்தம், சி மோல், டி செல்சியஸ் வெப்பநிலை, எக்ஸ் தெரியாத கனஅளவு என்று வைத்து, ஏ×எக்ஸ் = சி×ஆர்×(டி+273.15) என அடியுங்கள். சமக்குறிக்கு ஆல்ஃபா, கால்க். தீர்க்க ஷிப்ட், கால்க். 2.00 கிராம் ஆக்சிஜன், 27 டிகிரி, 101.325 கிலோபாஸ்கல் என்றால் மோல் 0.0625, விடை 1.539 லிட்டர். அடைப்புக்குள் செல்சியஸைக் கெல்வினாக்கும் 273.15 விட்டுப்போனால் 0.138 என்று காட்டும், அதுவும் கூசாமல். கீழே 'எல்-ஆர் = 0' (இடப்பக்கம் கழித்தல் வலப்பக்கம்) என்று வருவதைப் பார்த்து நம்பிவிட வேண்டாம்; சமன்பாட்டின் இரு பக்கமும் ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை.

மோலார் நிறை (ஒரு மோலின் நிறை) கணக்கில் கவனம் தேவை. 100 டிகிரி, 100 கிலோபாஸ்கலில் 0.597 கிராம் ஆவி 0.250 லிட்டரை அடைக்கிறது. மோலுக்குப் பதில் சி÷எக்ஸ் (சி இப்போது நிறை, எக்ஸ் மோலார் நிறை) என்று எழுதத்தான் கை போகும். ஆனால் சால்வ், ஒரு தொடக்க மதிப்பிலிருந்து படிப்படியாக விடையை நெருங்கும் நியூட்டன் முறையில் தேடுகிறது: தொடக்க மதிப்பு 0 என்றால் பூஜ்யத்தால் வகுக்க நேரும், விடையின் இரு மடங்கைத் தாண்டித் தொடங்கினால் அந்த முறை விலகி ஓடும். எக்ஸை மேலே கொண்டுவந்து, பி-யில் கனஅளவை வைத்து, ஏ×பி×எக்ஸ் = சி×ஆர்×(டி+273.15) என்று எழுதினால் எங்கே தொடங்கினாலும் 74.1 கிடைக்கும். இடம் மாற்றத் தெரியாமல் இங்கே தப்ப முடியாது.

உண்மை வாயுக்களுக்கான வாண்டர்வால்ஸ் சமன்பாட்டில் கனஅளவு தேடும்போதுதான் இந்தக் கருவியின் அருமை புரியும். கையால் செய்தால் அது முப்படிச் சமன்பாடு. நல்லியல்பு விடையையே தொடக்க மதிப்பாகக் கொடுங்கள்.

ஒரு எரிச்சல்: ஆன் பொத்தானைத் தொட்டால் அடித்த சமன்பாடு போய்விடும். அழிக்க ஏசி மட்டும் போதும்.