அம்மா வீட்டுத் தளத்துக்கு வந்த மானியம்: 5-க்கு 3

பரோட்டாக் கடைக்கும் செல்போன் கவருக்கும் நட்சத்திரம் போட்டு எழுதுகிறோம், அரசு செய்கிற வேலைக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை, சரி நானே எழுதிவிடுகிறேன். மண்டபத்துக்கு மேற்கே, கடலிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது எங்கள் அம்மாவின் தொகுப்பு வீடு. அதற்குப் பழுதுபார்ப்பு மானியம் கிடைத்து, வேலையும் முடிந்து, ஒரு மழைக்காலமும் ஓடிவிட்டது. மழைக்கு முன்னால் எழுதியிருந்தால் 4 போட்டிருப்பேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீட்டுத் திட்டம் என்றாலே புது வீடுதான். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமும் சரி, 3.5 லட்சம் கொடுக்கிற கலைஞரின் கனவு இல்லமும் சரி, குடிசையில் இருப்பவர் புதிதாகக் கட்டிக்கொள்ளத்தான். தொண்ணூறுகளில் அரசே கட்டிக்கொடுத்த வீட்டின் தளம் இன்றைக்குத் தலையில் விழுகிறது என்று போய் நின்றால், "உங்களுக்குத்தான் கான்கிரீட் வீடு இருக்கேம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அம்மா இதை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. அதனால் 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கப் போகிறோம் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தபோது, எங்கள் தெருவே காது கொடுத்துக் கேட்டது. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்குச் சராசரி 80,000. புது வீடு கட்டிக்கொடுத்துப் போட்டோ எடுப்பதைவிட, கட்டிய வீட்டை நிற்க வைப்பதற்குப் பணம் ஒதுக்குவது பெரிய விஷயம். யோசனைக்கு முழு மதிப்பெண், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணம் வந்ததிலும் குறை இல்லை. ஒருத்தரும் கை நீட்டவில்லை, பேங்க் புத்தகத்தில் வந்த தொகையும் ஆணையில் இருந்த தொகையும் ஒன்றுதான்.

பிரச்சினை எஸ்டிமேட்டில். அளவெடுக்க வந்தவர் நல்ல மனிதர்தான், அம்மா கொடுத்த டீயைக் குடித்தார், டேப் பிடித்தார், நாலு மூலையிலும் போட்டோ எடுத்தார், இருபது நிமிடத்தில் கிளம்பினார். பட்டியலில் வந்தது: மேலே தட்டு ஓடு பதிப்பது, உள்ளே காரை பெயர்ந்த இடங்களில் பூச்சு, ஒரு கதவு, வெள்ளை. மானாமதுரைப் பக்கம் ஒரு வீட்டுக்கு இது போதும். எங்கள் ஊருக்குப் போதாது. ஏனென்றால் இங்கே காரை மழையால் பெயர்வதில்லை, உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து ஊதிப் பெருத்து, காரையைத் தள்ளுகிறது. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், இடம் இல்லையென்றால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

அந்த வீடு கட்டும்போது நான் சின்னப் பையன், கலவைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எந்தக் கிணற்றுத் தண்ணீர்? வாயில் வைத்தால் துப்ப வேண்டிய கிணறு. குடிக்கவே தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற ஊரில், கலவைக்கு நல்ல தண்ணீர் யார் ஊற்றுவார்கள்? இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. கடலோரக் காற்று படுகிற இடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அம்மா வீட்டில் சில இடங்களில் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. உப்பு உள்ளேயிருந்தும் வந்தது, கச்சான் காற்றிலும் வந்தது.

இது ஊருக்குத் தெரியாத ரகசியமும் இல்லை. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, உலோகம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, விசேஷப் பெயின்ட் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். (தனுஷ்கோடி மாதா கோயில் சுவர் 1964 புயலையும் தாண்டி இன்னும் நிற்கிறதே என்று சுற்றுலா வருகிறவர்கள் வியப்பார்கள். பவளக் கல்லும் சுண்ணாம்பும், துருப்பிடிக்கக் கம்பி வேண்டுமே!) ரயில் போகிற பாலத்துக்குத் தெரிந்த உப்பு, அதே கரையில் இருக்கிற வீட்டு எஸ்டிமேட்டுக்குத் தெரியவில்லை.

வேலைக்கு வந்த கான்ட்ராக்டர் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. பக்கத்து ஊர்க்காரர், பெயர் வேண்டாம். "கம்பியைத் தொட்டா வேலை இழுத்துக்கும்ணே, மேலால பூசிரலாம், பத்து வருசத்துக்கு அசையாது" என்றார். பட்டியலில் "பூச்சு" என்றுதான் இருந்தது, அவர் பூசினார், அளவு சரியாக இருந்தது, பில் பாஸானது. பூசி மெழுகுவது என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது, மார்கழி முடிவதற்குள் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தாம்பாளம் அளவுக்குக் காரை விழுந்தது. அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்.

இந்த இடத்தில் என் சித்தி மகள் வருகிறாள். அமெரிக்காவில் டெக்சாஸில் ஒரு நகராட்சியில், அந்த நாட்டு மத்திய அரசு நகரங்களுக்குக் கொடுக்கிற சமூக மேம்பாட்டு மானியத்தை நிர்வகிக்கிற பிரிவில் வேலை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, வசதி குறைந்தவர்களின் சொந்த வீட்டைப் பழுதுபார்க்கப் போகிறது, அதுதான் அவள் மேசை. வீடியோவில் அம்மா விழுந்த காரையைக் காட்டியதும் அவள் எவ்வளவு பணம் வந்தது என்று கேட்கவில்லை. "அண்ணே, என்னென்ன செய்யணும்னு பட்டியல் போட்டது யாரு? காசு குடுக்கறதுக்கு முன்னாடி வந்து பார்த்தது யாரு?" என்று கேட்டாள். இரண்டும் ஒரே ஆள்தான், இரண்டு தடவையும் டேப்தான் பிடித்தார் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் அவள் வேலையைப் பற்றிப் பேசினாள், எனக்குச் சுவாரசியமாக இருந்தது, இதைப் படிக்கிற பஞ்சாயத்து ஆட்களுக்கும் இருக்கும். 1974-ல் ஒரு சட்டம் போட்டு ஆரம்பித்தது அந்த மானியம். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிற பெருநகர வட்டார ஊர்களுக்கு வருஷா வருஷம் நேரடியாக வரும், சின்ன ஊர்களுக்கு மாநிலம் வழியாக. கொடுக்கிறது அவர்களின் வீட்டுவசதித் துறை, சுருக்கப் பெயர் ஹட். (குடிசைத் துறையா என்று கேட்டேன், அவள் சிரிக்கவில்லை, நிறைய பேர் கேட்டிருப்பார்கள் போல.) யாருக்கு எவ்வளவு என்பதைச் சூத்திரம் போட்டுத்தான் பிரிக்கிறார்கள், மக்கள்தொகை, வறுமை, ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருப்பது, 1940-க்கு முன் கட்டிய வீடுகள் எத்தனை என்பதெல்லாம் அதில் வருகிறது. பழைய வீடு நிறைய இருந்தால் அதற்கே கணக்கில் எடை உண்டு, இது எனக்குப் பிடித்திருந்தது.

பணத்தில் குறைந்தது 70 சதவீதம் வருமானம் குறைந்தவர்களுக்குப் பயன்பட வேண்டும். வருமானம் குறைவு என்றால் அந்த வட்டாரத்து நடு வருமானத்தில் 80 சதவீதத்துக்குள். திட்டமிடல், நிர்வாகம் என்று ஆபீஸ் செலவுக்கு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. செலவழிக்காமல் பெட்டியில் வைத்திருந்தாலும் குற்றம்: திட்ட ஆண்டு முடிய அறுபது நாள் இருக்கும்போது கையிருப்பு ஒரு வருட மானியத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் மேலே இருந்து கேள்வி வரும். அதனால் அவளுக்கு வருடத்தில் பாதி நாள், பணம் வேகமாகப் போகவில்லையே என்ற கவலை, மீதிப் பாதி நாள், வேகமாகப் போனதில் ஏதாவது காகிதம் விட்டுப்போச்சோ என்ற கவலை.

பொதுமக்களைக் கூட்டிக் கேட்பது அங்கே வருடத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை. நமக்குக் கிராம சபை ஆறு தடவை. "அப்ப நீங்கதான் எங்களவிட மேலண்ணே" என்றாள். கூட்டத்தில் என்ன பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

ஆனால் அங்கேயும் சொர்க்கம் ஒன்றும் இல்லை. விண்ணப்பித்தவர்கள் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள், வருமானச் சான்று, பத்திரம், வரி ரசீது என்று எல்லாம் கேட்கிறார்கள், சுற்றுச்சூழல் பரிசீலனைக் காகிதம் முடியாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. ஒழுகுகிற கூரைக்கு வாளி வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிற பாட்டிகளை அவளே பார்த்திருக்கிறாள். சில ஊர்களில் அது மானியமும் இல்லை, வீட்டின் மேல் கடனாக எழுதி, இத்தனை வருடம் அங்கேயே குடியிருந்தால் தள்ளுபடி. இந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் நம் திட்டம் வேகமானது, எளிமையானது, இதையும் சொல்லியாக வேண்டும்.

அவள் சொன்னதில் என்னை உட்கார வைத்தது ஈயத்தின் கதை. அங்கே 1978-க்கு முன் கட்டிய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டினால் தூசி பறக்கும், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அதனால் மத்திய அரசுப் பணத்தில் அந்த மாதிரி வீட்டைத் தொட்டாலே விதி கூடவே வரும். 5,000 டாலர் வரை என்றால், கை வைக்கிற இடத்தைச் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தூசி பரவாமல் வேலை செய்ய வேண்டும். 5,000 தாண்டினால் வீடு முழுக்க ஆபத்து எங்கே என்று ஆய்வு செய்து அதைக் கட்டுப்படுத்த வேண்டும். 25,000-க்கு மேல் போனால் ஈய ஆபத்தையே நிரந்தரமாக ஒழிக்க வேண்டும். வேலை செய்கிறவன் நல்லவனா, அளவெடுப்பவர் கெட்டிக்காரரா என்பதெல்லாம் அப்புறம், பட்டியலிலேயே ஈயம் என்று ஒரு வரி இருக்கிறது, அதை நிரப்பாமல் பில் நகராது.

நமக்கு உப்பு. எங்களுக்கு வந்த பட்டியலில் உப்பு என்று ஒரு வரி இல்லை, கம்பி என்றும் இல்லை. மழைக்கு முன் போட்டிருக்கக்கூடிய 4-ல் ஒரு நட்சத்திரத்தை நான் பிடித்து வைத்திருப்பது இதற்காகத்தான். தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் போய்ப் பாருங்கள், பழைய தளங்களின் அடியில் கம்பி விலா எலும்பு மாதிரி தெரியும். இந்தக் கரைக்கென்று எஸ்டிமேட்டில் நாலு வரி சேர்த்தால் போதும்.

எந்த நாலு வரி என்பதை எங்கள் தெருப் பெரிய கொத்தனாரிடம் கற்றேன். இரண்டாவது தடவை வேலையை அவரிடம் கொடுத்தோம், கையிலிருந்து 42,000 போனது. அவர் வந்ததும் டேப் எடுக்கவில்லை, சுத்தியலைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் தளத்தின் அடியை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடம் ஒரு சத்தம், உள்ளே விட்டுப்போன இடம் வேறு சத்தம், பானை தட்டி வாங்குகிற நம் பெண்களுக்கு இது புரியும். பொத்தல் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கரியால் வட்டம் போட்டார். நன்றாக இருக்கிறது என்று நாங்கள் நினைத்த பக்கத்தில்தான் வட்டம் அதிகம்.

அப்புறம் முட்டுக் கொடுத்து, வட்டத்துக்குள் கம்பிக்குப் பின்னாலும் ஒரு விரல் போகிற அளவுக்குக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு நிறம் தெரிகிற வரை தேய்த்தார்கள். பாதிக்கு மேல் தின்றுபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி வைத்துக் கட்டினார்கள். நல்ல தண்ணீரில் கழுவி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பழையதும் புதியதும் பிடித்துக்கொள்ள பால் மாதிரி இருக்கிற ஒட்டுத் திரவம் தடவி, பாலிமர் கலந்த கலவையை இரண்டு மூன்று தடவையாக ஏற்றினார்கள். கலவைக்கு டிராக்டர் தண்ணீர்தான், கிணற்றுப் பக்கம் சித்தாளைப் போகவே விடவில்லை. இதுவும் நிரந்தரம் இல்லை என்பதை அவரே சொன்னார், உப்பு ஊறிய கான்கிரீட் மீதி இடத்தில் இருக்கத்தானே செய்கிறது.

மானிய ஆணை கையில் வைத்திருக்கிறவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால்: எஸ்டிமேட் போட வருகிற அன்றைக்கே ஒரு கொத்தனாரைப் பக்கத்தில் வைத்துத் தட்டிக் காட்டுங்கள், வட்டம் போட்ட தளத்தைப் போட்டோ எடுத்து விண்ணப்பத்தோடு கொடுங்கள். வாயால் சொன்னால் யார் தலையிலும் ஏறாது. "பூச்சு" என்று மட்டும் எழுதியிருந்தால் "கம்பி சுத்தம் செய்து" என்ற இரண்டு மூன்று வார்த்தையைச் சேர்க்கச் சொல்லுங்கள், அந்த வார்த்தை இல்லாமல் கான்ட்ராக்டரிடம் நீங்கள் சண்டை போட முடியாது. நான் போட்டுப் பார்த்துத் தோற்றவன். தட்டு ஓட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை எங்களுக்கு நன்றாகவே பதித்தார்கள், மேலேயிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை.

இதையெல்லாம் எழுதி, போட்டோ ஒட்டி, கிராம சபையில் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார்கள், ரசீதும் கொடுத்தார்கள். வடக்கு அறைத் தளத்தில் இன்னும் ஏழு வட்டம் பாக்கி இருக்கிறது, அம்மா கட்டிலை அந்த அறையிலிருந்து மாற்ற மாட்டேன் என்கிறார், காற்று அங்கேதான் வருகிறதாம். ஐப்பசிக்கு முன்னால் மறுபடி சுத்தியல் காம்போடு போய்த் தட்டிப் பார்ப்பேன். மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தால் இங்கேயே வந்து மாற்றுகிறேன்.