அரை நாள் வேலை இல்லை என்றார்கள்: முழு நேரமா, வேறு இடத்தில் பார்ட் டைமா?

மகப்பேறு விடுப்பு முடிந்து 2024 ஜூனில் ஓசூர் சிப்காட்டில் உள்ள எங்கள் கம்பெனிக்குத் திரும்பியபோது மகளுக்கு ஐந்தரை மாதம். கணக்குப் பிரிவில் எனக்கு ஆறு மாதம் மட்டும் அரை நாள் வேலை கேட்டேன். சம்பளத்தையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள் என்றேன். "அந்தப் பழக்கமே இங்க இல்லம்மா" என்று ஹெச்.ஆர். மேலாளர் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். அப்போது நடப்பில் இருந்த 1961 மகப்பேறு நலச் சட்டமும் 2017 திருத்தமும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தன. திரும்பிய பிறகு அரை நாள் வேலை தந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. வீட்டிலிருந்து வேலை என்பதும் முதலாளி ஒத்துக்கொண்டால்தான்.

மிஞ்சியவை இரண்டு. அதே முழு நேர வேலை. இல்லாவிட்டால் ராஜினாமா செய்துவிட்டு, பாகலூர் ரோடு பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் காலை மட்டும் வேலை. சம்பளம், பி.எஃப். எதில் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஐந்து வருடம் முடிய எனக்கு எட்டு மாதம்தான் பாக்கி, அதுவும் மனதில் இருந்தது. ஆனால் முடிவு செய்தது அது இல்லை. பிள்ளைக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான்.

ஆடிட்டர் ஆபீஸ் என்றால், ஓசூரில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், பிள்ளையை பாலக்கோட்டில் அம்மாவிடம் விட வேண்டும். ராயக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்து வாரக் கடைசியில்தான் பார்க்க முடியும். நாலு மணி நேர வேலைக்கு அஞ்சு நாள் பிரிவு! முழு நேர வேலையில் எட்டு மணி நேரம் போனாலும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனியாக உண்டு. எங்களிடம் முந்நூறு பேருக்கு மேல். காப்பகம் என்று பலகை இருந்தது, உள்ளே பழைய வவுச்சர் கட்டுகள். வாயால் கேட்டபோது "பார்க்கலாம்" என்றார்கள். இந்த விதிகளைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் கையெழுத்து வாங்கிய பத்தாம் நாள் அறையைக் காலி செய்து, தொட்டிலும் ஃபேனும் போட்டு, ஓர் ஆயாம்மாவையும் அமர்த்தினார்கள். என் சீட்டிலிருந்து அறுபது அடி. முதல் வாரம் மகள் அழுதால் கால்குலேட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அப்புறம் ஆயாம்மாவின் குரல் கேட்டாலே அடங்கிவிட்டாள்.

முழு நேரம் சுலபம் என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இடுப்பு விட்டுப்போகும். மாலை முழுக்கப் பிள்ளையோடு இருக்கும் நிம்மதி பார்ட் டைமில்தான் உண்டு. நான் அதில் வேலை பார்த்ததில்லை. அந்த ஆபீஸுக்குப் போன தோழி சொல்வதை வைத்துச் சொல்கிறேன். சாதாரண நாளில் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுகிறாளாம். ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் ராத்திரி எட்டு. பக்கத்துத் தெருவிலேயே மாமியார் இருப்பதால் அவளுக்குச் சரிப்பட்டு வருகிறது. எனக்கும் அப்படி ஒருவர் ஓசூரிலேயே இருந்திருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன்.

காப்பகம் இல்லாத சின்ன கம்பெனியில் இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. பெரிய கம்பெனி என்றால், ராஜினாமா எழுதுவதற்கு முன்னால் அந்தப் பலகை மாட்டிய கதவை ஒருமுறை திறந்து பாருங்கள்.