மீக்கடத்தி நாடாவின் மாறுமின்னோட்ட இழப்பு: மின்முறையா, வெப்பமுறையா?

நேர்மின்னோட்டத்தை ஏறத்தாழ இழப்பின்றிக் கடத்தும் மீக்கடத்தி நாடா, மாறுமின்னோட்டம் பாயும்போது ஒவ்வொரு சுற்றிலும் காந்தப்பாயம் உள்ளே புகுந்து வெளியேறுவதால் சூடாகிறது. 77 கெல்வினில் சேரும் ஒவ்வொரு வாட் வெப்பத்தையும் அகற்றக் குளிரூட்டி 10 வாட்டுக்கு மேல் செலவழிக்கிறது.

மாறுநிலை மின்னோட்டம் (மீக்கடத்துநிலை தாங்கும் உச்ச மின்னோட்டம்) 100 ஆம்பியராக உள்ள மெல்லிய நாடா ஒன்றில், 50 ஹெர்ட்ஸில், உச்சமதிப்பு 50 ஆம்பியராகப் பாய்ந்தால், நாரிஸ் என்ற ஆய்வாளர் 1970இல் தந்த சூத்திரப்படி இழப்பு மீட்டருக்குச் சுமார் 2.3 மில்லிவாட் மட்டுமே. இவ்வளவு சிறிய இழப்பை அளக்க இரு வழிகள் உண்டு: நாடாவின் மின்னழுத்தத்தை அளக்கும் மின்முறை, எழும் வெப்பத்தை அளக்கும் வெப்பமுறை.

மின்முறையில், நாடாவின் மீது 10 செ.மீ. இடைவெளியில் இரு கம்பிகளைப் பற்றவைத்து, மின்னோட்டத்தோடு ஒத்த கட்டத்தில் உள்ள, அதாவது அதனோடு சேர்ந்தே ஏறியிறங்கும், மின்னழுத்தத்தை லாக்-இன் பெருக்கியால் (குறித்த அதிர்வெண்ணும் கட்டமும் உள்ள குறிகையை மட்டும் பிரிக்கும் கருவி) பிரித்தெடுக்கிறோம். மேற்சொன்ன நாடாவில் அது சுமார் 6.5 மைக்ரோவோல்ட். அதை மூழ்கடிக்கும், மாறும் காந்தப்புலம் எழுப்பும் தூண்டல் மின்னழுத்தம்தான் உண்மையான எதிரி: அது 50 மடங்கு பெரிதாக இருந்தால், கட்டத்தில் ஒரு பாகை பிழைத்தாலும் விடை 90 விழுக்காடு வரை தவறிவிடும். ஆகவே, ஈடுசெய்யும் சுருள் ஒன்றால் தூண்டல் பகுதியை முன்னதாகவே கழித்துவிடுகிறார்கள். கம்பிகளை நாடாவை ஒட்டியே கொண்டுவருவதும் தவறு. நடுக்கோட்டிலிருந்து நாடா அகலத்தின் 1.5 மடங்கு தொலைவாவது விலக்கிய பிறகே இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும்.

வெப்பமுறைக்குக் கட்டம் பற்றிய கவலையே இல்லை. நாடாவைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் எவ்வளவு ஆவியாகிறது என்று அளந்தால் போதும்: ஒரு வாட்டுக்கு, அறைவெப்பநிலையில், நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் வாயு. ஆனால் நம் ஒரு மீட்டர் நாடாவுக்கு அது 0.6 மில்லிலிட்டர்தான், குளிர்கலன் தானாக ஆவியாக்கும் அளவில் அது காணாமற்போகும். நாடாவை நுரைப்பஞ்சால் மூடி, வெப்பமின்னிரட்டையால் வெப்பநிலை உயர்வை அளந்து, தெரிந்த திறனுள்ள சூடேற்றியோடு ஒப்பிட்டால் நிலைமை மேம்படும். எனினும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் வெப்பச் சமநிலைக்காகக் காத்திருக்க வேண்டும்.

நேரான ஒற்றை நாடாவுக்கு நான் தயக்கமின்றி மின்முறையையே தேர்வேன். சுருளுக்கு, அதிலும் மின்னோட்டமும் வெளிக் காந்தப்புலமும் வெவ்வேறு கட்டத்தில் சேர்ந்து செயல்படும் சுருளுக்கு, என் தேர்வு வெப்பமுறைக்கு மாறும்: அங்கே மின்னோட்டத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உரிய இரு மின்மூலங்களும் தனித்தனியே ஆற்றல் ஊட்டுவதால், நாடாவின் மின்னழுத்தம் மட்டும் முழு இழப்பையும் சொல்லாது. அப்போதும் இணைப்புகளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தோடு கூடுவதால், மின்னோட்டமில்லாத நிலையின் ஆவியளவை மட்டும் கழிப்பது போதாது.