உப்புக்காற்றில் ஒரு 1973 பிரெசிடெண்ட்: பயன்படுத்திய அனுபவமும் விற்ற அனுபவமும்

பிரீமியர் பிரெசிடெண்ட் என்ற பெயர் இன்றைக்குப் பலருக்கு நினைவில் இருக்காது. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பம்பாய் குர்லாவிலிருந்து வரத் தொடங்கிய அந்தக் கார், 1970களின் தொடக்கத்தில் சிறிது காலம் பிரெசிடெண்ட் என்று விற்கப்பட்டு, 1974இல் பத்மினி ஆனது. எங்களிடம் இருந்தது 1973ஆம் ஆண்டு வண்டி. காரைக்குடியில் ஒரு மருத்துவர் முன்பதிவு செய்து காத்திருந்து வாங்கிய அதை, பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டதையொட்டிய ஆண்டுகளில் என் தந்தையார் விலைக்கு வாங்கி, எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் நான் ஓட்டினேன். அண்மையில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒருவருக்கு விற்றேன். பழைய கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில் வைத்திருப்பவர்கள், விற்க நினைக்கும்போது எதற்கு விலை கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதை அறிந்துகொள்ள இந்த அனுபவம் உதவக்கூடும்.

ஓட்டும் அனுபவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1089 சிசி பெட்ரோல் என்ஜின், ஸ்டீரிங் தண்டிலேயே கியர், முன்னால் மூவர் அமரக்கூடிய நீள இருக்கை, நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். மண்டபத்திலிருந்து இராமநாதபுரம் வரையிலான சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அலுப்பில்லாமல் போகும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பு சூடேறி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுவதுண்டு. ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு உச்சிப்புளியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி கிளம்பிவிடும். கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றுக்கும் உள்ள குணம்தான் இது. எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலான பிறகு ரப்பர் குழாய்களை எல்லாம் புதிய வகைக்கு மாற்றினேன். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், டேங்கில் பாதி பெட்ரோலோடு வண்டியை நெடுநாள் நிறுத்தி வைப்பதையும் விட்டுவிட்டேன்.

கவனமெல்லாம் வேண்டியிருந்தது தகட்டுக்குத்தான். மண்டபம் இரு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றின் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும், வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கமிருந்தும் உப்பு வந்துகொண்டே இருக்கும். ஆண்டில் காற்று மறைவான மாதம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஓர் ஆய்வு மையத்தை நடத்துவது இதனால்தான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் தகட்டில் படிந்த உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சி நீராகிவிடும். எங்கள் ஊரில் பெரும்பாலான இரவுகளில் இதுதான் நடக்கிறது. மழை பெய்யாவிட்டாலும் கார் நனைந்துகொண்டுதான் இருக்கும்.

இதற்கு நாங்கள் செய்தவை எல்லாம் எளியவை. தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவோம். இங்கே ‘நல்ல தண்ணீர்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வருவதே உப்பு நீர்தான். அதில் காரைக் கழுவுவது துருவுக்குத் தீனி போடும் வேலை. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தோம். அது தீர்ந்தால் குடிதண்ணீரையே செலவழித்தோம், அதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கணக்கு. பிளாஸ்டிக் உறையால் ஒருநாளும் மூடியதில்லை. உள்ளே சிக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், மூடாத வண்டியைவிட மூடிய வண்டிதான் விரைவில் துருப்பிடிக்கும். கதவுகளின் அடியிலும், அவற்றுக்குக் கீழே வண்டியின் நீளவாக்கில் ஓடும் பக்கவாட்டுப் பெட்டிப் பகுதிகளிலும் உள்ள நீர் வடியும் துளைகளைக் கம்பியால் அவ்வப்போது குத்திவிடுவது என் தந்தையார் விடாமல் செய்த வேலை. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னால் அடித்தகட்டில் என்ஜின் ஆயில் பூசுவோம். பார்க்க அழகாக இருக்காது, தூசியை இழுக்கும், ஆனால் தகடு நிற்கும்.

விற்கும் நேரத்தில் விலையைத் தீர்மானித்தது இந்த அடித்தகடுதான். இந்தக் காருக்குத் தனியான சட்டகம் (ஃபிரேம்) கிடையாது. உடலே சட்டகமாக இருந்து வண்டியைத் தாங்குகிறது. ஆகவே தரைத்தகடோ பக்கவாட்டுப் பெட்டியோ அரித்துப்போனால் அதை அழகுக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது, வண்டியின் எலும்பே போனதாக அர்த்தம். என்ஜின் அப்படியல்ல. ஏறக்குறைய அதே என்ஜினோடு பத்மினி 2000ஆம் ஆண்டு வாக்கு வரை தயாரிக்கப்பட்டது. மும்பையில் அது டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. பிஸ்டன், வால்வு, கிளட்ச் தட்டு போன்றவை சென்னைப் புதுப்பேட்டையிலோ மும்பையிலோ இன்னும் கிடைக்கின்றன. என்ஜினுக்கு ரீபோர் செய்ய (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்க) ஆகும் செலவை யாரும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம், தகட்டு வேலைக்கு ஆகும் செலவைப் பிரித்துப் பார்க்கும்வரை சொல்ல முடியாது. வாங்குபவர் எந்தப் பக்கம் பயப்படுவார் என்பது இதிலிருந்தே தெரியும்.

கோயம்புத்தூர்க்காரர் பானட்டைத் திறப்பதற்கு முன்பு, துணி சுற்றிய சிறிய காந்தத்தை எடுத்து மட்கார்டு விளிம்புகளிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் வைத்துப் பார்த்தார். ஓட்டையையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசும் பட்டி நிரப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. பின் மட்கார்டில் ஓரிடத்தில் அது நழுவியது. அங்கே பழைய டிங்கரிங் வேலை இருப்பதை நான் முன்பே படத்துடன் தெரிவித்திருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது. பிறகு தரைவிரிப்பைத் தூக்கினார், டிக்கியில் ஸ்டெப்னி சக்கரத்தை எடுத்துவிட்டு அதன் குழியைத் தடவிப் பார்த்தார். என்ஜினைக் கடைசியில்தான் ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

விற்பதற்கு முன் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டுமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இராமநாதபுரத்துத் தரகர் ஒருவர், “அண்ணே, ஒரு கோட்டிங் பெயிண்ட் மட்டும் அடிச்சு விட்டுருங்க, அம்பதாயிரம் சேர்த்துக் கேக்கலாம்” என்று வற்புறுத்தினார். நான் இணங்கவில்லை. அன்றாட ஓட்டத்துக்குப் பழைய கார் தேடுபவரிடம் அவர் கணக்கு பலிக்கலாம். சேகரிப்புக்கு வாங்குபவர் புதுப் பெயிண்டைக் கண்டால், அதற்கடியில் எதை மறைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார். அதுவும் கடற்கரை வண்டி என்றால் சந்தேகம் இரட்டிப்பாகும். கூரையில் வெளிறிப்போயிருந்த பழைய வெளிர்நீலம், நான் சொன்ன எதையும்விட நம்பகமான சாட்சியாக நின்றது. முழுவதும் புதுப்பித்த வண்டியைவிட அதிகம் கை வைக்காமல் காப்பாற்றிய வண்டிக்கு இப்போது மதிப்புக் கூடிவருகிறது என்பது நான் பேசிப் பார்த்தவர்களிடமிருந்து கண்டது.

மாற்றப்படாத தன்மை என்பது பெயிண்டோடு முடிவதில்லை. இந்த வகைக் கார்களில் பலவற்றில் ஸ்டீரிங் கியரைத் தரைக்கு இறக்கியிருப்பார்கள், நீள இருக்கையைக் கழற்றிவிட்டுத் தனி இருக்கைகள் போட்டிருப்பார்கள், எரிபொருள் மிச்சம் என்று டீசல் என்ஜின்கூடப் பொருத்தியிருப்பார்கள். ஓட்டுபவருக்கு அவை வசதி, விற்பவருக்கு நட்டம். எங்கள் வண்டியில் இவை எதுவும் நடக்கவில்லை. அதற்குக் காரணம் தொலைநோக்கு என்று சொல்ல மாட்டேன், என் தந்தையாரின் சிக்கனம்தான். முன் கிரில், பின்விளக்குக் கண்ணாடிகள், டிக்கியில் இருந்த ‘பிரெசிடெண்ட்’ பெயர்ப்பட்டை ஆகியவை அப்படியே இருந்தன. என்ஜின் பாகம் எளிதில் கிடைக்கும், குறுகிய காலமே வந்த ஒரு பெயரின் பட்டை கிடைக்காது. அதைத் தனியாக விலைக்குக் கேட்டவர்களும் உண்டு.

காகிதங்களைப் பொறுத்தவரை, முதல் ஆர்.சி. புத்தகம், மருத்துவரின் கொள்முதல் ரசீது, பெயர் மாற்றப் பதிவுகள், என் தந்தையார் நோட்டில் எழுதி வைத்திருந்த பராமரிப்புக் கணக்கு எல்லாம் இருந்தன. தமிழ்நாட்டுக்குள்ளேயே கைமாறினால் ‘டிஎன்’ வரிசைக்கு முந்தைய பழைய எண்ணே தொடரும் என்பதால், அந்த எண்ணுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. கேரளத்திலிருந்து கேட்டவர் தடையின்மைச் சான்று, அங்கே வரி, புதிய எண் என்று கணக்குப் பார்த்து விலையைக் குறைத்தார். அவர் நிலையில் அது நியாயமே. சேஸிஸ் எண் பொறித்த தகட்டில் எப்போதும் கிரீஸ் தடவி வைத்திருந்தோம். துருவில் எண் அழிந்து, அலுவலகத்தில் பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு) எடுக்க முடியாமல் பெயர் மாற்றம் மாதக்கணக்கில் இழுபட்ட வண்டிகளை எங்கள் கடற்கரையில் பார்த்திருக்கிறேன்.

ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘விண்டேஜ்’ பதிவைப் பற்றியும் பேசினோம். 10 ஆண்டுகளுக்குச் செல்லும் அந்தப் பதிவை எடுத்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாங்கியவர் ஞாயிறுதோறும் ஓட்ட விரும்பியதால் வழக்கமான பதிவையே, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதாக முடிவு செய்தார். 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்த புதுப்பிப்புக் கட்டணம், 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆகியிருக்கிறது. அடுத்த புதுப்பிப்புக்கு நாள் நெருங்கிய வண்டி என்றால் வாங்குபவர் இதையும் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். எங்களுடையது புதுப்பித்து அதிக காலம் ஆகாதது பேரத்தில் உதவியது.

உள்ளூரில் முதலில் கேட்கப்பட்ட விலை எண்பதாயிரம். மண்டபத்து வண்டி என்றதும் நேரில் பார்க்காமலேயே ஒதுங்கியவர்களும் இருந்தார்கள். அடித்தகட்டை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, பட்டி வைத்த இடம் உட்பட அனைத்தையும் அனுப்பத் தொடங்கிய பிறகே பேச்சு லட்சங்களுக்கு வந்தது. இறுதியில் இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கு முடிந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த உதிரிபாகப் பெட்டியைத் தனியே விற்காமல் வண்டியோடு கொடுத்தேன். பேரம் இழுத்துக்கொண்டிருந்த கடைசிப் பத்தாயிரத்தை முடித்து வைத்தது அந்தப் பெட்டிதான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, நகலும் ஒப்படைத்த நேரம் குறித்த ரசீதும் வாங்கி வைத்துக்கொண்டேன். புதிய உரிமையாளரின் பெயர் பதிவேட்டில் ஏறும்வரை காப்பீட்டை நடப்பிலேயே வைத்திருந்தேன்.