மாதப் பணத்துக்கு ஏற்றது முழு வீடா, பாதி வீடா?

அடிப்படை வருமானம், அதாவது எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் மாதாமாதம் தரும் பணம், கைக்கு வந்தால் அதை வைத்து எப்படி வீடு தேடிக்கொள்வது? அதை வாடகையில் கரைப்பதைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. எல்லோர் கையிலும் பணம் வந்து, வீடுகளின் எண்ணிக்கை கூடாவிட்டால் வாடகை ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை இதுவரை நடந்த சோதனைகளை வைத்துச் சொல்வது கடினம். பெரும்பாலானவை சிலருக்கு, சில ஆண்டுகள் மட்டும் பணம் கொடுத்தவை. மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, முழுதாக முடித்த சின்ன அடுக்குமாடி வீடு. மற்றது, பாதியைக் கட்டித் தந்து மீதியைக் குடியிருப்பவரே கட்டிக்கொள்ளும் வளர் வீடு.

முழு வீட்டில் சாவி வாங்கிய அன்றே குடியேறலாம். நிலம் மிகக் குறைந்த இடத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் வருமானத் திட்டம் நின்றுபோனாலும் வீட்டுக்காக வாங்கிய கடனின் தவணை நிற்காது. வளர் வீட்டில் வேலையை நிறுத்தி வைக்கலாம். அதனால்தான் என் சாய்வு அதன் பக்கம்.

சிலியின் இக்கிகே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்திரோ அரவேனாவின் எலமெண்டல் குழு 2004-ல் முடித்த கின்டா மொன்ராய் குடியிருப்பு இதற்குத் தெளிவான உதாரணம். குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம். நிலமும் அதற்குள் அடக்கம். சுமார் 36 சதுர மீட்டர் கட்டி, ஏறக்குறைய இரு மடங்காக வளர இடைவெளி விட்டார்கள். சமையலறை, குளியலறை, படிக்கட்டு, நடுச்சுவர் எல்லாம் முதலிலேயே முடிந்துவிட்டன.

தீர்மானிக்கிற விஷயம் இதுதான்: எந்த வேலையை மாதப் பணத்துக்கு ஏற்பத் துண்டு போடலாம்? சுவரைத் துண்டு போடலாம், தரையையும் ஜன்னலையும் போடலாம். கான்கிரீட் கூரையைத் துண்டு போட முடியாது. பாதியில் நிறுத்திப் பிறகு ஊற்றினால் இணைப்பில் நீர் கசியும். ஆகவே அஸ்திவாரம், தூண், கூரை, கழிவறை ஆகியவற்றை மானியத்தில் முடித்து, சுவரை மாதப் பணத்துக்கு விடுவதே சரி. அஸ்திவாரமும் வீடு முழுதாக வளர்ந்த பிறகு வரும் எடைக்குக் கணக்கிடப்பட வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இணைப்பில்தான். மேல்மாடிக்காக நீட்டிவிட்ட கம்பிகள் துருப்பிடிக்கும். 12 மி.மீ. கம்பிக்கு ஒட்டு நீளம், அதாவது புதுக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் நீளம், சுமார் 600 மி.மீ. வேண்டும்; அதைச் சிமென்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைக்க வேண்டும். பழைய பகுதி ஏற்கெனவே மண்ணில் அமர்ந்திருக்கும், புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுகச் சேர்த்துக் கட்டினால் விரிசல் நிச்சயம். 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்து, மேலே தகடு போர்த்த வேண்டும். அறையின் ஒரே ஜன்னல், வீடு வளர்வதற்காக விட்ட காலி இடத்தின் பக்கம் இருந்தால், வீடு வளர்ந்ததும் அந்த அறை இருண்டுவிடும். புதுக் கழிவறை 6 மீட்டர் தள்ளி வந்தால், 60-க்கு 1 சரிவில் குழாய் 10 செ.மீ. இறங்க வேண்டும், அந்த ஆழத்தை முதல் நாளே விட்டு வைக்க வேண்டும்.

செங்கல், ஜல்லியை மாதாமாதம் வாங்கிச் சேர்க்கலாம். சிமென்ட் மூட்டையைச் சேர்க்கக் கூடாது. மூன்று மாதம் கிடந்தாலே பலம் குறைந்துவிடும். வேலை தொடங்கும் வாரத்தில் வாங்கினால் போதும்.