முதுகு, முழங்கால் ஒபரேஷனுக்குப் பிறகு: ட்ரமடோலா, பெனடோலா?

வலி: முதல் சில நாட்களுக்கு ட்ரமடோல் என்ற பலமான வலி மருந்து கைகொடுக்கும். அப்புறம் பலருக்கு நேரம் தவறாத பெனடோலே (பரசிட்டமோல்) போதும்; நாளுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டைத் தாண்டக் கூடாது.

நடமாட்டம்: ட்ரமடோல் போட்டால் தலை சுற்றும், தூக்கம் வரும். தோட்ட லயத்து வாசற்படியிலோ மழை ஈரச் சரிவிலோ விழுந்தால் செய்த ஒபரேஷனே வீண். மலச்சிக்கல் வேறு, முதுகைத் தைத்தவர் முக்கிப் பார்த்தால் தெரியும்! பெனடோலில் இந்தத் தொல்லை இல்லை.

பழக்கம்: மாதக்கணக்கில் ட்ரமடோல் போட்டுக்கொண்டே கொழுந்தெடுத்தவருக்கு உடம்பு பழகிவிடும். ஒபரேஷனுக்குப் பிறகு அதே அளவு கேட்காது, தேறவும் நாளாகலாம். டொக்டரிடம் மறைக்காதீர்கள்; திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

என் தேர்வு: தொடக்க நாட்களுக்கு டொக்டர் சொன்ன அளவு ட்ரமடோல், நடக்கத் தொடங்கியதும் பெனடோல். ஈரல் நோய் இருந்தால் பெனடோலையும் டொக்டரிடம் கேட்டே போடுங்கள்.