ஐந்து நிமிடத்தில் 'மெனியர்' என்றார்கள், எட்டு மாதம் போனது

தலைசுற்றலுக்காகக் காது மருத்துவரிடம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு முதன்முதலில் சுற்றியது படுக்கையில் புரண்டபோது. வாந்தியும் வந்தது. இடது காதில் இரைச்சல் ஏற்கெனவே உண்டு. அதைக் கேட்டதுமே அந்த மருத்துவர், "மெனியர் நோய்தான், சந்தேகமே வேண்டாம்" என்று பீட்டாஹிஸ்டின், புரோகுளோர்பெராசின் என்ற தலைசுற்றல் மாத்திரைகளை எழுதிவிட்டார். மெனியர் என்பது சுற்றலும் இரைச்சலும் செவித்திறன் குறைவும் தரும் உள்காது நோய். காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வியே அதுதான். மெனியரை உறுதிசெய்யத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. 2015-ல் வகுத்த வரையறைப்படி, சுற்றல் தானாக வந்து 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்க வேண்டும், இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். அந்தக் காதில் செவித்திறன் குறைந்திருப்பதும் ஆடியோகிராமில் பதிவாக வேண்டும். எனக்கோ அரை நிமிடம்தான், அதுவும் தலையைத் திருப்பினால் மட்டும்.

புரோகுளோர்பெராசின் சில நாளைக்கு மட்டும் போட வேண்டிய மாத்திரை. மாதக்கணக்கில் போட்டால் கை நடுக்கம் வரலாம். எனக்கு வந்தது. போய்ச் சொன்னால், "நோய் முற்றுகிறது" என்று காதுக்குள் ஜென்டாமைசின் ஊசி போட நாள் குறித்தார்கள். அது சமநிலை உறுப்பை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்யும் ஊசி, செவித்திறனும் போகக்கூடும். ஒப்புதல் படிவத்தைப் படித்த பிறகுதான் இது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்த மருத்துவர் என் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண்ணையே பார்த்தார். டிக்ஸ்-ஹால்பைக் சோதனையாம். கருவிழி துடித்தது. உள்காதின் கால்சியத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருந்தன. எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியேற்றினார். இரண்டாம் முறையோடு அந்தச் சுற்றல் நின்றது. எட்டு மாத மாத்திரை செய்யாத வேலை!

அப்புறம் பீட்டாஹிஸ்டினைப் பற்றிக் கேட்டேன். 2016-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், மெனியர் நோயாளிகளிடம் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். இரண்டு தரப்பிலுமே சுற்றல் குறைந்திருக்கிறது. தானாகக் குறைவதை மாத்திரையின் கணக்கில் எழுதுவது சுலபம்தானே.

இரைச்சல் மட்டும் போகவில்லை. ஆடியோகிராமில் இடது காதில் லேசான குறைவு. "மெனியரின் தொடக்கமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்போதே சொல்ல முடியாது" என்றார். கட்டி ஏதும் இல்லை என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. மூன்று மாதம் கழித்து மறுபடி ஆடியோகிராம். அதுவரை சுற்றினால் மணி பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். இதுவரை ஒரே ஒரு பதிவு: நாற்பது நிமிடம்.